காற்றும் வெளிச்சமும் கார்டிசாலும்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ஆம் ஆண்டு முதல் ஓடிக்கொண்டிருக்கும் மின்சார ரயிலில் தெற்கு நோக்கிப் போகிறவர்கள், குரோம்பேட்டையைத் தாண்டியதும், ஒரு வைத்தியசாலையின் பெயரையே தன் பெயராகக் கொண்டுவிட்ட ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற சிறு நிலையத்தைக் காண்கிறார்கள். அந்த வட்டாரத்தில் ஒன்றுக்கொன்று அருகாக மூன்று ஸ்தாபனங்கள் இருக்கின்றன. ஊர் மக்கள் இன்றும் ‘டி.பி. ஆஸ்பத்திரி’ என்றே சொல்லும் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை ஒன்று. 2005-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனம் மற்றொன்று. 1984-இல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் மூன்றாவது. இரவு வேலை முடிந்து விடியற்காலையில் அந்த வளாகத்திலிருந்து வெளியே வருகிறவர்களில் சிலரேனும், “ராத்திரி தூக்கம் போச்சு, பகலில் படுத்தால் தூங்கின மாதிரியே இல்லை, உடம்பு ஒரே அசதி” என்ற முறையீட்டோடு ஏதேனும் ஒரு வைத்தியசாலையில் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு இக்காலத்தில் ஒரு விளக்கம் ஆயத்தமாகக் கிடைக்கிறது: மன உளைச்சலால் உங்கள் சரீரத்தில் ஹார்மோன் நிலை குலைந்துவிட்டது, மருந்தில்லாமல் இயற்கை வைத்தியத்தால் அதைச் சீர்செய்துவிடலாம். இந்தக் கூற்றில் மெய் எவ்வளவு, ஆசை எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதற்கு, தாம்பரத்தின் இந்தத் துண்டு நிலத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் வேறொன்று இல்லை என்பது என் அபிப்பிராயம். ஏனென்றால் காற்றும் வெளிச்சமும் ஓய்வும் நோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை இங்கே ஒருமுறை ஆஸ்பத்திரியாகவே கட்டப்பட்டு, அனுபவத்திலும் பரீட்சிக்கப்பட்டுவிட்டது.

அதைக் கட்டியவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளின் மேல் க்ஷயரோகிகளுக்காக ஒரு சானடோரியத்தை நடத்திப் பெயர் பெற்றவர்; தாயகம் திரும்பியபின் 1928-இல் தாம்பரத்துக் குன்றுகளின் அடிவாரத்தில், அன்று சென்னையின் புகையும் நெரிசலும் எட்டாதிருந்த திறந்த வெளியில், சில படுக்கைகளோடு தம் வைத்தியசாலையைத் தொடங்கினார். 1937-இல் அது அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அக்காலத்துச் சானடோரியச் சிகிச்சையின் சாரம் சொல்வதற்கு எளிது, அனுஷ்டிப்பதற்குக் கடினம். நோயாளி இரவும் பகலும் திறந்த தாழ்வாரத்தில் கிடப்பார். பாலும் முட்டையும் வேளை தவறாமல் வரும். காய்ச்சல் இறங்கும் வரையில் எழுந்திருக்கவே கூடாது. இறங்கியபின், முதல் வாரம் இத்தனை தப்படி, அடுத்த வாரம் இத்தனை என்று அளந்து நடக்க வேண்டும். விளக்கணைக்கும் நேரமும் விழிக்கும் நேரமும் மணியடித்தாற்போல் நடக்க வேண்டும். கிருமியைக் கொல்லும் மருந்து உலகத்தில் எங்குமே இல்லாதிருந்த காலத்தில், நோயுற்ற ஏழைக்கு ஒரு படுக்கையும் வயிறார உணவும் அன்போடு பார்த்துக்கொள்ள ஆளும் கொடுத்த அந்த முயற்சியை நன்றியோடுதான் நினைக்க வேண்டும்.

ஆனால் மெண்டிப் குன்றுகளில் 1917-ஆம் ஆண்டில் சௌரி முத்துவின் பராமரிப்பில் சிலகாலம் இருந்த ஒரு நோயாளியின் சரித்திரம், இந்தச் சிகிச்சை எந்த இடத்தில் வழுக்கும் என்பதைக் காட்டுகிறது. அந்த நோயாளி கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜன். அவருக்கு வந்தது க்ஷயம் என்றே பலரும் எண்ணினார்கள், சானடோரியங்களில் வைத்திருந்தார்கள், 1920-இல், 32 வயதில், அவர் சேத்துப்பட்டில் காலமானார். அவருடைய நோய்க்குறிப்புகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்த டி.ஏ.பி. யங் என்ற ஆங்கில மருத்துவர், அது க்ஷயமாக இருந்திருப்பதைவிட ஈரலில் அமீபா கிருமி தொற்றிய நோயாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று 1994-இல் எழுதினார். அந்த அனுமானம் சரியென்றால், அன்றைக்கே மருந்து இருந்த ஒரு நோயைக் கண்டறியாமல், அதன்மீது காற்றை வீசிக்கொண்டிருந்தார்கள் என்று ஆகிறது. சிகிச்சை நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன்னால், நோய் இன்னதென்று தெரிந்ததா என்று கேட்க வேண்டும் என்பதை இதைவிட வேதனையோடு எடுத்துச் சொல்லும் நிகழ்ச்சி நம் நாட்டில் வேறில்லை.

காற்றின் வலிமையை நேராக அளந்து பார்த்த பரீட்சையும் சென்னையிலேயே நடந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் முதலான மருந்துகள் வந்தபின், 1956-இல் சேத்துப்பட்டில் அமைந்த க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தார் நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, இரு பிரிவுக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்து, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவை அவரவர் வீட்டிலும் வைத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் நெருக்கமான குடிசைகளில் வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு உணவு குறைவு, ஓய்வு குறைவு, காற்றோட்டமும் குறைவு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இவை அத்தனையும் நிறைவாகவே கிடைத்தன. ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் குணமடைந்தவர்களின் விகிதம் ஏறத்தாழச் சமமாக இருந்தது. 1959-இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் கதவை மெல்ல மூடியது. காற்றும் ஓய்வும் பயனற்றவை என்று அந்தப் பரீட்சை சொல்லவில்லை. க்ஷயக் கிருமியைக் கொல்வது அவற்றின் வேலையன்று என்று மட்டுமே சொல்லிற்று. அவற்றின் வேலை வேறெங்கோ இருக்கிறது. அந்த இடம் நம் விலாவுக்குள், இரண்டு சிறுநீரகங்களின் தலைமேல், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 அல்லது 5 கிராம் எடையே உள்ள இரண்டு சிறிய சுரப்பிகளில் தொடங்குகிறது.

அட்ரீனல் என்று பெயர்பெற்ற இச்சுரப்பியின் உட்பகுதி அட்ரீனலினைச் சுரக்கிறது. திடீரென்று பின்னால் லாரியின் ஹாரன் ஒலித்தால் நெஞ்சு படபடப்பது அதனால்தான். நம் விஷயத்துக்கு முக்கியமானது அதன் புறப்பகுதி சுரக்கும் கார்டிசால். மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பிக்கு ஆணையிட, பிட்யூட்டரி இரத்தத்தின் வழியே அட்ரீனலுக்கு ஆணையிட, அட்ரீனல் கார்டிசாலைச் சுரக்கிறது. சுரந்த கார்டிசால் போதுமான அளவுக்கு உயர்ந்ததும் மூளைக்கே திரும்பிச் சென்று, ‘இனி வேண்டாம்’ என்று ஆணையை அடக்குகிறது. இரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்வது, இரத்த அழுத்தம் தாழாமல் காப்பது, வீக்கத்தையும் அழற்சியையும் எல்லைக்குள் நிறுத்துவது ஆகியவை அதன் தொழில்கள். ஆகவே கார்டிசாலை மன உளைச்சலின் விஷம் என்று சிலர் எழுதுவது பிழை. அது அடியோடு இல்லாமற்போனால் நாம் பிழைப்பது அரிது.

அதன் அளவைக் காட்டிலும் அதன் தாளமே வியப்பானது. நாம் அயர்ந்து உறங்கும் பின்னிரவில், இரண்டு மூன்று மணிக்கே அது ஏறத் தொடங்கி, விழித்தெழுந்த அரைமணி முக்கால்மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, பகலெல்லாம் சிறுசிறு அலைகளாக இறங்கி, நள்ளிரவை ஒட்டிக் கீழ்நிலையை அடைகிறது. இந்தத் தாளத்துக்குத் தலைமை தாங்குவது கண்ணின் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்கு மேலே மூளையில் அமைந்துள்ள ஒரு சிறு உயிரணுக் கூட்டம். அதற்குத் தினந்தோறும் நேரம் சொல்லிக் கொடுப்பது சூரிய வெளிச்சம். மெப்ஸிலும் பழைய மகாபலிபுரம் சாலையின் கணினி நிறுவனங்களிலும் இரவு வேலை பார்க்கிறவருடைய சங்கடம் இதனால் தெளிவாகிறது. அவர் படுக்கப்போகும் காலை ஏழு மணிக்குச் சுரப்பி உச்சியில் நிற்கிறது. வேலையில் கூர்மை வேண்டிய நள்ளிரவில் அது தாழ்ந்து கிடக்கிறது. மாதக்கணக்கில் இரவு வேலை செய்தாலும் பெரும்பாலோருடைய தாளம் முழுமையாகத் திரும்புவதில்லை. வீடு திரும்பும் வழியில் கண்ணில் படும் காலை வெயிலே அதைப் பழைய நேரத்துக்கு இழுத்துவிடுகிறது. இந்தத் தாளத்தைக் குலைக்க நித்திரைக் குறைவு மட்டுமே போதும் என்பதையும் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள்: ஓரிரவு நான்கு மணி நேரமே உறங்க விடப்பட்ட இளைஞர்களுக்கு மறுநாள் மாலையில், தாழ்ந்திருக்க வேண்டிய வேளையில், கார்டிசால் 37 சதவீதம் கூடியிருந்ததாக 1997-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது.

இச்சுரப்பிக்கும் க்ஷயரோகத்துக்கும் நெருங்கிய, கொடிய உறவு ஒன்று உண்டு. லண்டனில் கைஸ் ஆஸ்பத்திரியின் மருத்துவராயிருந்த தாமஸ் அடிசன், நாளுக்கு நாள் மெலிந்து, சோர்ந்து, தோல் கறுத்து மாண்டுபோன சிலருடைய சடலங்களை ஆராய்ந்து, அவர்களுடைய அட்ரீனல் சுரப்பிகள் அழிந்து கிடப்பதை 1855-இல் உலகத்துக்கு அறிவித்தார். அவர்களில் பலருடைய சுரப்பியை அரித்திருந்தது க்ஷயமே. மேல்நாடுகளில் க்ஷயம் குறைந்த பிறகு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது முக்கிய காரணமாகிவிட்டது. இந்தியாவிலோ க்ஷயம் இன்னும் அந்தப் பட்டியலில் முன்வரிசையில் நிற்கிறது. நெஞ்சில் தொடங்கிய கிருமி இரத்தத்தின் வழியே சுரப்பிக்குச் சென்று, ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி அதைத் தின்று தீர்க்கும்.

அடிசன் பெயரால் வழங்கும் அந்தச் சுரப்பி நோயின் அடையாளங்களைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். மாநிறமும் கறுப்புமான நம் மக்களிடம் மேனி கறுத்திருக்கிறது என்று சொன்னால், வெயிலில் அலைகிறான் என்று வீட்டார் பதில் சொல்லிவிடுவார்கள். உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, ரேகைகளின் பள்ளம் மட்டும் மை தடவியதுபோல் கறுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈற்றிலும் நாவின் ஓரத்திலும் கன்னத்தின் உட்புறத்திலும் கருநீலத் திட்டுகள் இருக்கின்றனவா என்று விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அண்மையில் ஆறிய தழும்பு சுற்றுப்புறத் தோலைவிடக் கறுத்திருக்கிறதா, படுக்கையிலிருந்து எழுந்தால் தலை சுற்றுகிறதா, சாப்பாட்டில் இலையோரத்து ஊறுகாயையும் உப்பையும் முன்னைவிட அதிகமாகத் தேடுகிறாரா என்று விசாரிக்க வேண்டும். சந்தேகம் எழுந்தால் காலை எட்டு மணிக்கு எடுத்த இரத்தமே பாதி விடை தந்துவிடும்: 100 மில்லிலிட்டரில் கார்டிசால் 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் சுரப்பி செயலற்றது என்றே பெரும்பாலும் கொள்ளலாம்; 18-ஐத் தாண்டினால் கவலையில்லை; இடைப்பட்டிருந்தால், சுரப்பியைத் தூண்டும் ஊசி ஒன்றைப் போட்டு மீண்டும் அளப்பார்கள். இன்னுமொரு நுட்பம் இருக்கிறது. க்ஷயத்துக்குத் தரும் ரிஃபாம்பிசின் என்ற அருமருந்து, ஈரல் கார்டிசாலைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டிவிடும். சுரப்பி பாதி அழிந்த நிலையிலுள்ள நோயாளிக்கு அம்மருந்து தொடங்கிய சில வாரங்களில் வாந்தியும் மயக்கமும் வந்தால், ‘மருந்தின் சூடு’ என்று மாத்திரையை நிறுத்திவிடுவது இரட்டை ஆபத்து. நிறுத்தினால் க்ஷயம் வளரும். காரணத்தைத் தேடாவிட்டால் சுரப்பியின் குறையே உயிரை வாங்கிவிடும்.

நெருக்கடிக்கும் இச்சுரப்பிக்கும் உள்ள சம்பந்தத்தை எடுத்துக்காட்டியவர் ஹான்ஸ் செல்யே. மான்ட்ரியலில் எலிகளுக்கு வெவ்வேறு விதமான துன்பங்களைக் கொடுத்துப் பார்த்த அவர், குளிராயினும் காயமாயினும் நஞ்சாயினும், எலியின் உடலுக்குள் நிகழ்வது ஒன்றேயாக இருப்பதைக் கண்டார்: அட்ரீனல் பருக்கிறது, தைமஸ் சுரப்பி சுருங்குகிறது, இரைப்பையில் புண் உண்டாகிறது. 1936-இல் அவர் எழுதிய ஒரு பக்கக் கடிதம் ஒரு புதிய துறைக்கே வித்தாயிற்று. இயற்கை வைத்தியத்தின் மூலவர்களில் ஒருவரான லைப்ஸிக் நகரத்து லூயி கூனே, இதற்கு அரை நூற்றாண்டு முன்னமே, நோய்கள் பலவாகத் தோன்றினாலும் மூலம் ஒன்றே என்றும், வேண்டாத பொருள் உடலில் தங்குவதே அந்த மூலம் என்றும் போதித்திருந்தார். இரண்டும் ஒன்றுபோல் ஒலிப்பதால் வாசகர் மயங்கிவிடக் கூடாது. பல துன்பங்களுக்கு உடல் காட்டும் பதில் ஒன்றாக இருக்கலாம் என்பது செல்யே பரீட்சித்துக் கண்டது. பல நோய்களுக்குக் காரணமும் ஒன்றே என்பது கூனே விரும்பி நம்பியது. இன்றைய ‘ஹார்மோன் குலைவு’ப் பேச்சு, செல்யேயின் பெயரைச் சொல்லிக்கொண்டு கூனேயின் வழியில்தான் நடக்கிறது.

அதற்கு மிகத் தெளிவான உதாரணம் ‘அட்ரீனல் சோர்வு’ என்னும் கருத்து. இயற்கை வைத்தியமும் முதுகெலும்பு வைத்தியமும் பயின்ற ஜேம்ஸ் வில்சன் என்ற அமெரிக்கர் 1998-இல் வழக்கத்துக்குக் கொண்டுவந்த கருத்து அது. ஓயாத மன உளைச்சலால் சுரப்பி உழைத்து உழைத்துக் களைத்துவிடுகிறது, அதனால்தான் அசதி என்பது அதன் உட்பொருள். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர் 58 ஆய்வுகளைத் திரட்டிப் பரிசோதித்து, அப்படியொரு நோய் இருப்பதற்கு ஆதாரமில்லை என்று 2016-இல் எழுதினார்கள். ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமும் அதையே சொல்கிறது. உளைச்சலில் இருக்கும் மனிதனுடைய சுரப்பி களைத்து ஓய்வதில்லை. ஆணை வந்தால் சுரக்கிறது. அதன் தாளம் தட்டையாகலாம், மாலையில் தாழ வேண்டியது தாழாமல் நிற்கலாம். அழிந்த சுரப்பியின் நிலை அதுவன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் இரு திசையிலும் தீங்கு விளைகிறது. வெறும் அசதிக்கு நோய்ப் பெயர் சூட்டப்பட்டு, அதன் உண்மையான காரணமாகிய சோகையோ, தைராய்டுக் குறைவோ, சர்க்கரையோ, உறக்கத்தில் மூச்சடைப்போ, மனச்சோர்வோ பார்க்கப்படாமல் போகிறது. மெய்யாகவே அடிசன் நோயுற்ற ஒருவர், தமக்கும் அதே ‘சோர்வு’தான் என்று எண்ணிப் பழச்சாற்று விரதத்தில் இருந்துவிடுகிறார். அந்த இரண்டாமவரை நினைத்தே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

இனி, இயற்கை வைத்தியம் கையாளும் முறைகளைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் இது வீட்டுத் திண்ணை வைத்தியமாக நின்றுவிடவில்லை. அரும்பாக்கத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. பட்டப் படிப்பு ஐந்தரை ஆண்டு. தாம்பரத்துக்குத் தெற்கே செங்கற்பட்டிலும் அரசாங்கத்தின் நிறுவனம் ஒன்று அமைந்திருக்கிறது. மண் பட்டிக்காக நிலத்தில் இரண்டு மூன்று அடி ஆழம் தோண்டி எடுத்த மண்ணை வெயிலில் உலர்த்தி, சலித்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, காலையில் ஈரத்துணியில் ஒரு விரற்கடைக் கனத்துக்குப் பரப்பி அடிவயிற்றின்மேல் இருபது முப்பது நிமிஷம் வைக்கிறார்கள். இடுப்புக் குளியலுக்குக் கால்களை வெளியே தொங்கவிட்டு, தொப்புள் வரை நீர் நிற்கும்படி தொட்டியில் உட்காரச் செய்கிறார்கள். வாழையிலையைப் போர்த்தி வெயிலில் கிடத்துவதும் உண்டு. மண் பட்டி வைத்துக்கொண்டு அசையாமல் படுத்திருக்கும் அந்த அரைமணி, இரைச்சலில் வாழும் ஒருவருக்கு நாள் முழுவதிலும் வாய்க்கும் ஒரே ஓய்வாக இருக்கலாம்; அதனால் அவர் சுகமடைகிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. மண் நஞ்சை உறிஞ்சுகிறது என்பதற்குத்தான் ஆதாரம் காணோம்.

நீரைப் பற்றி நம்மவர்கள் சற்று விவேகத்தோடு பேச வேண்டும். 14 டிகிரிக் குளிர்நீரில் ஒருமணி நேரம் இருந்தவர்களுக்கு நார்அட்ரீனலின் என்னும் ஹார்மோன் ஐந்து மடங்குக்கு மேல் கூடியதாகச் செக் நாட்டு ஆய்வொன்று கண்டது உண்மை. குளிர்நீரின் புகழ் பாடுகிறவர்கள் அதை எடுத்துக்காட்டுவதும் உண்டு. ஆனால் தாம்பரத்துக் கிணற்று நீர் மார்கழியிலும் அந்தக் குளிர்ச்சியை எட்டிப் பார்ப்பதில்லை. ஐரோப்பாவின் குளிர்காலத்து நீருக்குச் சொன்ன பலனை இந்நாட்டு நீருக்கு அப்படியே சொல்லிவிட முடியாது. உண்ணாநோன்பிலும் எச்சரிக்கை வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை தாழாமல் காப்பது கார்டிசாலின் தொழில் என்று முன்னே கண்டோம். ஆகவே நாள் கணக்கில் பட்டினி கிடந்தால் கார்டிசால் ஏறவே ஏறும். கார்டிசாலைக் குறைப்பதற்காக நீண்ட விரதம் என்பது உடலியலுக்கு முரண்பட்ட யோசனை. ஒரு வேளை உணவை லேசாக்குவதும் இரவுச் சாப்பாட்டை முன்கூட்டியே முடிப்பதும் வேறு விஷயம்.

மூச்சுப் பயிற்சியின் ஆதாரம் இவற்றைவிட உறுதியானது. இத்தாலியில் பெர்னார்டி குழுவினர் 23 பேரைக் கொண்டு செய்து 2001-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கத்தோலிக்கரின் ஜெபமாலையும் பௌத்தரின் மந்திரமும், ஓதும் போக்கிலேயே, மூச்சை நிமிஷத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைத்துவிடுகின்றன என்றும், அந்த வேகத்தில் இதயமும் இரத்த நாளங்களும் ஒன்றோடொன்று இணங்கி இயங்குகின்றன என்றும் கண்டார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸில் மனச்சோர்வு நோயாளிகளிடம் செய்த ஆய்வில், மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட யோகப் பயிற்சி செய்தவர்களில் அதிகம் பேருக்குக் கார்டிசால் தாழ்ந்தது; எந்தப் பிரிவில் சேர்வது என்பதை நோயாளிகளே தேர்ந்துகொண்டதால், அம்முடிவைச் சற்று எச்சரிக்கையோடுதான் கொள்ள வேண்டும். ஜப்பானியர் 24 காடுகளில் 280 இளைஞர்களை நடக்கவும் அமரவும் வைத்து, நகரத்தில் அவ்வாறே செய்த நாளோடு ஒப்பிட்டு, உமிழ்நீரில் கார்டிசால் காட்டில் தாழ்ந்திருந்ததாக 2010-இல் எழுதினார்கள். தாம்பரத்தார் இதற்காக ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. 1937-இல் ஜார்ஜ் டவுனிலிருந்து இங்கே குடிபெயர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் 365 ஏக்கர் வளாகத்தில் புதர்க்காடு இன்னும் உயிரோடிருக்கிறது. நன்மங்கலத்திலும் வண்டலூரிலும் காப்புக்காடுகள் இருக்கின்றன. சூரியன் ஏறுமுன் மரங்களிடையே அரைமணி நடப்பவருக்கு நடையும் பச்சையும் கிடைப்பதோடு, சுரப்பியின் தாளத்துக்குத் தலைமை தாங்கும் மூளைக்கு அன்றைய முதல் வெளிச்சமும் கிடைக்கிறது. என்னைக் கேட்டால், இயற்கை வைத்தியத்தின் முறைகள் அத்தனையிலும் முதலிடம் இதற்கும், இதற்கு அடுத்த இடம் வேளை தவறாத உறக்கத்துக்குமே தருவேன். சௌரி முத்துவின் ஆஸ்பத்திரியில் விளக்கணைக்கும் நேரமும் விழிக்கும் நேரமும் கண்டிப்பாக இருந்ததன் மெய்யான பலன் இங்கேதான் இருந்திருக்க வேண்டும். இரவு வேலை செய்கிறவர் பகலில் உறங்கும் அறையைக் கறுப்புத் திரையிட்டு இருட்டாக்குவதும், வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணிவதும், வாரத்துக்கு ஒருமுறை வேலை நேரத்தை மாற்றாதிருக்கும்படி நிர்வாகத்தைக் கேட்பதும் இதே வைத்தியத்தின் பகுதிகள்தான். கடைசியில் சொன்னது நோயாளியின் கையில் இல்லை. அதை நிர்வாகத்தார் செய்ய வேண்டும், அரசாங்கம் செய்விக்க வேண்டும்.

மருந்தில்லா வைத்தியம் என்று சொல்லிக்கொண்டே பலரும் மூலிகைக்கு வந்துவிடுவதால் அதையும் சொல்லியாக வேண்டும். அமுக்கரா என்று சித்த வைத்தியரும் அசுவகந்தி என்று ஆயுர்வேதியரும் வழங்கும் கிழங்கை 64 பேரிடம் 60 நாள் பரீட்சித்து, கார்டிசால் 27.9 சதவீதம் தாழ்ந்ததாக 2012-இல் நம் நாட்டு ஆய்வொன்று வெளியாயிற்று; பரீட்சை சிறியது, ஆனாலும் நம்பிக்கை தருவது. அரிதாகச் சிலருக்கு ஈரல் பாதிப்பு உண்டானதும் பதிவாகியிருப்பதால், கண்கள் மஞ்சளித்தால் உடனே நிறுத்த வேண்டும். அதிமதுரத்தின் கதையோ நேர் எதிரானது. சிறுநீரகத்தில் கார்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதியை அது தடுத்துவிடுவதால், வாரக்கணக்கில் மிகுதியாக உண்டவருக்கு இரத்த அழுத்தம் ஏறி, பொட்டாசியம் இறங்கி, தசை தளர்ந்துவிடும். தொண்டைக் கரகரப்புக்கு ஒரு துண்டைக் கடித்து வாயில் அடக்கிக்கொள்வதில் தோஷமில்லை. ‘சோர்வு தீர’ என்று சூரணமாகத் தினமும் அருந்துவதில் உண்டு.

இவற்றையெல்லாம் விடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் வருகிறது. எட்வர்டு கெண்டால், டாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகியோர் இச்சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களில் ஒன்றை 1948-இல் பிலிப் ஹென்ச் ஒரு மூட்டுவாத நோயாளிக்குக் கொடுக்க, படுக்கையிலேயே கிடந்தவர் சில நாளில் எழுந்து நடந்தார். 1950-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியில் பிறந்த ஸ்டீராய்டு மருந்துகள் கோடிக்கணக்கானோரைக் காத்திருக்கின்றன. அவற்றையே அரைத்து, மூலிகை என்று பெயரிட்டு, மூட்டுவலிப் பொடியாகவும் ஆஸ்துமாப் பொடியாகவும் விற்கும் போலிகளும் நாடெங்கும் இருக்கிறார்கள். உண்டவருக்கு ஒரே வாரத்தில் அற்புதமான சுகம். சில மாதங்களில் முகம் உருண்டையாக வீங்கி, வயிறு பருத்துக் கைகால் மெலிந்து, தோலில் செந்நீலக் கோடுகள் ஓடி, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறிவிடும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருப்பதால் மூளை ஆணையிடுவதை நிறுத்தியிருக்கும். சுரப்பி சுருங்கிக் கிடக்கும்.

அப்பேர்ப்பட்டவர், உடம்பைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு இயற்கை வைத்தியசாலைக்கு வந்து, பொடியையும் மாத்திரையையும் அன்றே விட்டுவிட்டு விரதம் தொடங்கினால், விபரீதம் அங்கேதான் நிகழ்கிறது. ஆகவே இயற்கை வைத்தியரானாலும் சித்த வைத்தியரானாலும் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி, சென்ற ஓராண்டில் மாத்திரையாகவோ ஊசியாகவோ பொடியாகவோ களிம்பாகவோ இழுப்பானாகவோ ஸ்டீராய்டு எடுத்ததுண்டா என்பது. பதில் தெரியாது என்றால், பொட்டலத்தையும் பழைய சீட்டுகளையும் கொண்டுவரச் சொல்ல வேண்டும். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் உண்டவர் மருத்துவரின் கண்காணிப்பில் சிறுகச் சிறுகக் குறைத்துத்தான் விட வேண்டும். சுரப்பி பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டும் ஆகும். அந்த இடைக்காலத்தில் காய்ச்சலோ வாந்தியோ விபத்தோ நேர்ந்தால், சுரப்பி தர இயலாததை ஊசியால் தர வேண்டும். அடிசன் நோயாளிக்கும் இதுவே விதி. அவர் ஆயுள் முழுவதும் நாளொன்றுக்கு 15 முதல் 25 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோனைப் பிரித்துப் பிரித்து உண்பார், காய்ச்சல் நாட்களில் அதை இரட்டிப்பார், தம் நோயின் பெயரை எழுதிய அட்டை ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். மயங்கி விழுந்தால், அட்டையைப் பார்த்த மருத்துவர் எந்தப் பரிசோதனைக்கும் காத்திராமல் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோனை இரத்த நாளத்தில் ஏற்றி, உப்பு நீரையும் செலுத்துவார். இரத்த அழுத்தம் மெல்ல ஏறி, சில மணி நேரத்தில் நோயாளிக்கு நினைவு திரும்பும்.